டிடி 214-இல் இல்லாத ஈராக் பதக்கம்: இத்தனை வருடம் கழித்துத் திருத்த முடியுமா?

மணற்புயல்:

எல்லோருக்கும் வணக்கம். 2000 ஜூனில் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தேன். அப்போது கையில் கிரீன் கார்டு மட்டும்தான். வேலை 88எம், லாரி ஓட்டுநர். 2003 மார்ச்சில் குவைத், ஏப்ரலில் ஈராக், 2004 பிப்ரவரியில் திரும்பினோம். அந்த ஜூனில் நான்கு வருடம் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது தரும் பணிச் சான்றுதான் டிடி 214. என்னுடையதில் 13ஆம் கட்டத்தில் இருப்பவை நான்கே நான்கு. தேசப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், பயங்கரவாத எதிர்ப்புப் போருக்கான எக்ஸ்பெடிஷனரி மெடல், அதே போருக்கான சர்வீஸ் மெடல், ஆர்மி சர்வீஸ் ரிப்பன். ஈராக் பதக்கம் இல்லை. குட் காண்டக்ட் மெடல் இல்லை. எதிரித் தாக்குதலை நேரில் சந்தித்தவர்களுக்கான காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜும் இல்லை. ஆனால் 18ஆம் கட்டத்தில் நான் ஈராக்கில் இருந்த தேதிகள் தெளிவாக இருக்கின்றன.

இத்தனை வருடம் இதை நான் எடுத்துப் பார்க்கவே இல்லை. போன மாதம் என் நண்பன் புற்றுநோயில் இறந்துபோனான். நானும் அவனும் ஒரே லாரியில் மாறி மாறி ஓட்டியவர்கள். இறுதிச் சடங்கில் அவனுடைய பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஈராக் பதக்கம் இருந்தது, அந்த பேட்ஜும் இருந்தது. அவன் 2008 வரை படையில் தொடர்ந்தான். 2003 நவம்பரில் பலாத் பக்கம் எங்கள் கான்வாய் மீது குண்டு வெடித்து, இருபுறமும் சுட்டார்கள். அன்று ஓட்டியது நான், பக்கத்தில் இருந்தது அவன். அவனுக்கு எழுதப்பட்டது எனக்கு ஏன் எழுதப்படவில்லை?

என் பழைய பிரிவின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய எஸ்-ஒன்:

தம்பி, உங்கள் நண்பருக்கு என் அஞ்சலி.

நான் பட்டாலியன் பணியாளர் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன். உங்கள் காகிதத்தைப் போல நூறு காகிதம் தட்டச்சு செய்திருக்கிறேன். நீங்கள் ஒரே குறை என்று நினைப்பது உண்மையில் மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு, வழியும் வேறு. ஒரே கடிதத்தில் குழைத்து எழுதினால் மூன்றும் நின்றுபோகும்.

முதலில் ஈராக் பதக்கம். இதில் யாரும் உங்களை விட்டுவிடவில்லை. நீங்கள் வெளியே வந்தது 2004 ஜூன். ஈராக் பதக்கத்தை உருவாக்கிய அதிபர் ஆணை வந்தது 2004 நவம்பர் 29. அதாவது நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது அப்படி ஒரு பதக்கமே உலகத்தில் கிடையாது. அதனால்தான் குமாஸ்தா அப்போது இருந்த எக்ஸ்பெடிஷனரி மெடலை எழுதியிருக்கிறார். அவர் செய்தது சரி. பின்னால் ஈராக் பதக்கத்தை 2003 மார்ச் 19 முதல் கணக்கிட்டார்கள். முன்பே வெளியேறியவர்கள் விண்ணப்பித்தால், பழையதை எடுத்துவிட்டு இதைத் தருவார்கள். ஒரே காலத்துக்கு இரண்டும் கிடையாது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து 30 நாள் அங்கே இருந்திருந்தால் போதும். உங்கள் 18ஆம் கட்டமே அதற்குச் சாட்சி.

அந்த பேட்ஜும் இதே கதைதான். அதற்கு ஒப்புதல் கிடைத்தது 2005 மே மாதம். 2001 செப்டம்பர் 18 வரை பின்னோக்கிச் செல்லும். ஆனால் பதக்கம் போலத் தேதியை மட்டும் காட்டி வாங்க முடியாது. எதிரி தாக்கியபோது நீங்கள் நேரில் இருந்தீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். உங்கள் நண்பர் 2005-இலும் படையில் இருந்ததால் அவருடைய கமாண்டர் விண்ணப்பத்தை மேலே அனுப்பியிருப்பார். உங்களுக்காக அனுப்ப அப்போது யாரும் இல்லை.

குட் காண்டக்ட் மட்டும்தான் உண்மையான விடுபடல். மூன்று வருடம் ஒழுங்காகப் பணியாற்றியவருக்குக் கமாண்டர் ஆணை போட்டுத் தருவது. ஈராக்கிலிருந்து திரும்பிய கலவரத்தில் அந்த ஆணை போடப்படாமல் போயிருக்கும். நாங்களும் அப்படி விட்டிருக்கிறோம். டிஸ்சார்ஜுக்கு முன்பு வரைவுப் படிவத்தைக் காட்டி "சரிபார்த்துக்கொள்" என்பார்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கும் 22 வயதுப் பையன் எதைப் பார்ப்பான்? கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாங்கள்தான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். இன்றும் அந்த எண்ணம் என்னை விடுவதில்லை.

நான்காவது வரிசை:

தவறாக நினைக்க வேண்டாம், தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். இவ்வளவு வருடம் கழித்து ஒரு வரி கூடுவதால் என்ன மாறும்? பென்ஷன் ஏதும் கூடுமா?

பச்சைப் பை:

நான் படையில் மெடிக்காக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவள். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

ஈராக் பதக்கத்தால் பணம் கூடாது. குட் காண்டக்டாலும் கூடாது. ஆனால் அந்த காம்பாட் பேட்ஜ் விஷயம் வேறு. போரில் நேரடியாக ஈடுபட்டவர் தன் காயத்தைப் பற்றியோ மனப் பாதிப்பைப் பற்றியோ சொல்லும்போது, அந்த நேரத்துப் பதிவு இல்லாவிட்டாலும், அவர் சொல்வது பணியின் சூழலோடு பொருந்தினால் வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. "போரில் ஈடுபட்டவர்" என்பதை அந்த பேட்ஜ் ஒரே வரியில் சொல்லிவிடும். அது இல்லாதவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிரியால் காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் வாங்கியவர்களுக்கு வி.ஏ. மருத்துவத்தில் மூன்றாம் முன்னுரிமைக் குழு கிடைக்கும், 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பெற்றவர்களுக்குக் கல்வி உதவியும் முழுமையாகக் கிடைக்கும்.

மணற்புயல், உங்களிடம் தனியாக ஒன்று. உங்கள் நண்பர் புற்றுநோயில் போனார் என்கிறீர்கள். பலாத் தளத்தில் குப்பையை எரித்த குழியின் புகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டப்படி, ஈராக்கில் இருந்தவர்களுக்குச் சில புற்றுநோய்களைப் பணியால் வந்தவை என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதக்கம் எதுவும் தேவையில்லை, அங்கே இருந்த தேதி போதும். அவருடைய மனைவி இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இன்றே சொல்லுங்கள். நீங்களும் போய் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பணத்தை விடுங்கள். அங்கே இருந்தோம் என்பதை நம் நாடே எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்கிறார்.

நான்காவது வரிசை:

புரிந்தது அக்கா. நன்றி. என் சித்தப்பாவும் கடற்படையில் இருந்தவர், அவரிடமும் காகிதத்தை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மருமகன்:

இந்த இழையைப் படித்ததும் என் மாமனார் நினைவு வந்தது. அவர் 1968-69இல் வியட்நாமில் தரைப்படைப் பொறியாளர் பிரிவில் இருந்தவர். இறந்து ஆறு வருடம் ஆகிறது. என் மகன் பள்ளிக்காக அவரைப் பற்றி எழுதும்போது, அவர் பிரிவுக்குத் தென் வியட்நாம் அரசு கொடுத்த கேலண்ட்ரி கிராஸ் என்ற வீர விருது பற்றிப் படித்தான். மாமனாரின் டிடி 214-இல் அது இல்லை. படைவீரர்களின் கோப்புகள் இருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் தீ விபத்து நடந்ததாமே, அதில் எரிந்துபோயிருக்குமா? நான் விண்ணப்பிக்கலாமா?

சுவடித் தேடல்:

தீயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1973 ஜூலை 12 அன்று நடந்த அந்தத் தீயில் எரிந்தவை பெரும்பாலும் 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகள். அவற்றில் சுமார் 80 சதவீதம் போயிற்று. விமானப்படையில் 1947 முதல் 1964 ஜனவரி 1 வரை வெளியேறியவர்களில், அகரவரிசையில் 'ஹப்பார்ட்' என்ற பெயருக்குப் பிறகு வருபவர்களின் கோப்புகளில் முக்கால் பங்கு. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல். நகலோ மைக்ரோஃபிலிமோ எடுத்து வைக்கவில்லை. உங்கள் மாமனார் 1960-க்குப் பிறகு வெளியே வந்தவர், அவர் கோப்பு இருக்க வேண்டும்.

கொரியப் போர்க்காரர்களின் பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காக: கோப்பு எரிந்தது என்று பதில் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். கடைசிச் சம்பள வவுச்சர், அன்றன்றைய ஆள் கணக்கு எழுதிய பிரிவின் காலை அறிக்கைகள், மருத்துவமனை அனுமதி அட்டைகள் என்று வேறு இடங்களிலிருந்து பொறுக்கி எடுத்துப் பணிச் சான்றிதழ் தருகிறார்கள். வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கடித உறையில் பிரிவின் பெயர் இருந்தால் அதுவே பெரிய துப்பு. நான் ஒருவருக்கு அப்படித்தான் தேடிக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுதிய ஒரே ஒரு கடிதம், அதன் மூலையில் அவருடைய படைக் கம்பெனியைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அங்கிருந்து காலை அறிக்கை, அதிலிருந்து காயம்பட்ட நாள்.

இனி உங்கள் கேள்வி. 1974-இல் தரைப்படை வெளியிட்ட எட்டாம் எண் பொது ஆணை, வியட்நாமில் பணியாற்றிய தன் பிரிவுகள் அனைத்துக்கும் கேலண்ட்ரி கிராஸ் பிரிவு விருதை உரியதாக்கியது. உங்கள் மாமனார் அதற்கு ஐந்து வருடம் முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டார். மணற்புயலுக்கு நடந்ததேதான். மனிதர் முதலில் திரும்பிவிட்டார், விருது பின்னால் வந்தது, இரண்டையும் சேர்த்துவைக்க யாரும் இல்லை.

ஆனால் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, உங்கள் மனைவிதான் கையெழுத்துப் போட வேண்டும். மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், மகன், மகள், உடன்பிறந்தவர் ஆகியோரைத்தான் நெருங்கிய உறவாக அந்த மையம் எடுத்துக்கொள்ளும். மருமகன் அதில் வரமாட்டார். ஆவணம் கேட்கும் எஸ்.எஃப். 180 படிவம், அதோடு இறப்புச் சான்று. கட்டணம் இல்லை.

மருமகன்:

மிக்க நன்றி. மனைவியிடம் சொன்னேன். அப்பா பெயரில் ஒரு படிவம் நிரப்புவது இத்தனை வருடத்தில் இதுதான் முதல் முறை என்று சொல்லிக் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

மணற்புயல்:

எஸ்-ஒன் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு மனதிலிருந்த கோபம் பாதி போய்விட்டது. இருபது வருடமாக அந்தக் குமாஸ்தாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஈராக் பதக்கத்துக்குப் படிவமும் டிடி 214 நகலும் அனுப்பிவிட்டேன். பேட்ஜ்தான் குழப்பம். அன்று கான்வாயை நடத்திய லெப்டினன்ட் எங்கே என்று தெரியவில்லை. சார்ஜென்ட் இறந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவன் இப்போது இல்லை. பின் லாரியில் வந்த ஒருவரின் எண் கிடைத்தது. பேசினேன். புழுதியில் வெடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது, உன் வண்டியைப் பார்க்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். ஆனால் நான் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொல்கிறார்.

பழைய எஸ்-ஒன்:

அதைச் செய்யாதீர்கள் தம்பி. அது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். அவர் கேட்டது வெடிச் சத்தம் என்றால் அதையே அவர் சொந்த வார்த்தையில் எழுதட்டும். இத்தனை மணி இருக்கும், இந்தச் சாலை, கான்வாய் நின்றது, சுட்டார்கள், நான் பார்க்கவில்லை ஆனால் கேட்டேன். அதற்கும் மதிப்பு உண்டு. நான்கு பேரின் வாக்குமூலம் ஒரே வார்த்தையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே சந்தேகம் வரும். நினைவு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறித்தான் இருக்கும், அதுதான் இயல்பு.

இன்னொன்று தோன்றுகிறது. உங்கள் நண்பருக்கு பேட்ஜ் கிடைத்தது என்றால் அதற்கென்று ஓர் ஆணை இருக்கும். அதற்கு முன்பு அவரும் ஒரு வாக்குமூலம் எழுதியிருப்பார். எந்த நாள், எந்த வண்டி, யார் ஓட்டியது என்று எழுதாமல் அது நிறைவாகியிருக்காது. படையில் நீண்ட நாள் இருந்தவர்கள் எல்லாக் காகிதத்துக்கும் ஒரு நகல் வைத்திருப்பார்கள், 'எனக்கு நானே' கோப்பு என்று எங்கள் பிரிவில் சொல்வோம். அவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

பச்சைப் பை:

கேட்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். சடங்கு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பேக்ட் சட்ட விண்ணப்பத்துக்கு முதலில் உதவி செய்யுங்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது அதுதான் முக்கியம்.

கான்வாய் 7:

காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதினால் எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்துவிடும். நேராக அங்கே போங்கள், இந்தப் படிவமெல்லாம் எதற்கு?

பழைய எஸ்-ஒன்:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. உறுப்பினர் அலுவலகம் கேட்டால் பதில் விரைவில் வரும், உண்மை. ஆனால் அவர்களும் உங்கள் காகிதத்தைத்தான் அதே மேசைக்கு அனுப்புவார்கள். ஆதாரம் இல்லாவிட்டால் விரைவாக "இல்லை" என்று வரும், அவ்வளவுதான். பதிலே வராமல் கிடக்கும் விண்ணப்பத்துக்கு அந்த வழி நல்லது. ஒரு வீரப் பதக்கத்துக்கான பரிந்துரை காலத்தில் போகாமலோ தொலைந்தோ போயிருந்தால், அதை உறுப்பினர் மூலமாக மீண்டும் பரிசீலிக்கச் சொல்லத் தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது. அங்கே அவர் கட்டாயம் வேண்டும்.

இதை நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. 1946 வரை எல்லோரும் காங்கிரசுக்குத்தான் போனார்கள். ஒரே ஒரு சிப்பாயின் பதிவைத் திருத்த ஒரு தனி மசோதா. தாங்க முடியாமல் அந்த வருடம் காங்கிரஸ் அப்படிப்பட்ட மசோதாக்களை நிறுத்திவிட்டு, திருத்தும் வேலையைப் படைத் துறைகளிடம் கொடுத்தது. இன்றைய திருத்த வாரியங்கள் அதிலிருந்து வந்தவை. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் சீருடைக்காரர்கள் இல்லை, சிவிலியன்கள்.

மணற்புயல், உங்கள் வரிசை இப்படி இருக்கட்டும். ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் மனிதவளக் கமாண்டின் விருதுப் பிரிவுக்கு பேட்ஜ் விண்ணப்பம். அங்கே மறுத்தால் டிடி 149 படிவத்தில் திருத்த வாரியம். கீழே இருக்கும் வழிகளை முடித்துவிட்டு வந்தாயா என்று வாரியம் பார்க்கும், நேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குட் காண்டக்டும் ஆணை இல்லாததால் பெரும்பாலும் அங்கேதான் போகும். பிழையைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி, ஆனால் நியாயம் கருதி அதைத் தளர்த்துகிறார்கள். ஏன் தாமதம் என்று உண்மையை எழுதுங்கள். 18 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். மறுத்தாலும் புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி கேட்கலாம். பதிவு சரியாகத்தான் இருக்கிறது என்ற இடத்திலிருந்துதான் வாரியம் தொடங்கும், இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. அதனால் நீளமாகப் புலம்பாமல் ஒரு பக்கம் எழுதி, அதன் பின்னால் காகிதங்களை அடுக்குங்கள்.

சுவடித் தேடல்:

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஈராக்கின் முதல் ஆண்டுகளில் பல பிரிவுகள் களப் பதிவுகளை ஒழுங்காக வைக்கவில்லை, வைத்ததும் பிறகு தொலைந்தது. 2012-இல் இது பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வந்தது. ஆகவே "உங்கள் சம்பவத்துக்குப் பதிவு இல்லை" என்று பதில் வந்தால் "சம்பவம் நடக்கவில்லை" என்று மனம் தளர்ந்துவிடாதீர்கள். வீட்டுக்கு எழுதிய கடிதம், மின்னஞ்சல், தேதியோடு இருக்கும் புகைப்படம், எல்லாவற்றையும் தேடுங்கள்.

மணற்புயல்:

நான்கு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன்.

பச்சைப் பை அக்கா சொன்னபடி முதலில் நண்பன் மனைவியின் விண்ணப்பத்துக்குத்தான் போனேன். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து நிரப்பினோம். என் காகிதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவனுடைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், நடுவில் ஒன்றை எடுத்து, "இதில் உங்கள் பெயர் இருக்கிறதே" என்றார்.

2005-இல் அவன் கையால் எழுதிய வாக்குமூலம், அதன் நகல். இரண்டு பக்கம். தேதி, சாலை, வண்டி எண். ஓட்டுநர் என்று என் பெயர், ராங்க், முதல் எழுத்து உட்பட. அதன் கீழே ஒரு வரி: ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் வெளியே கொண்டுவந்ததால்தான் நான் இதை எழுதுகிறேன்.

அவன் இதை என்னிடம் சொன்னதே இல்லை. எத்தனை முறை சேர்ந்து மீன் பிடிக்கப் போயிருக்கிறோம்.

அதையும், அவனுடைய பேட்ஜ் ஆணையின் நகலையும், பின் லாரிக்காரர் தான் கேட்டதை மட்டும் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

பழைய எஸ்-ஒன்:

தம்பி, அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். அந்தத் தாள் அவர்களிடமே இருக்கட்டும், அதை நகலெடுத்து அனுப்பியிருந்தால் நல்லது.

மணற்புயல்:

நகலெடுத்துத்தான் அனுப்பினேன் அண்ணா. அந்தத் தாளை அவன் பெட்டிக்குள், பேட்ஜுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

மருமகன்:

எங்கள் வீட்டுக்கும் உறை வந்துவிட்டது. டிடி 215 என்ற திருத்தத் தாள், ஒரே பக்கம். மாமனாரின் பெயருக்குக் கீழே அந்தப் பிரிவு விருது சேர்ந்திருக்கிறது. பழைய டிடி 214-ஐ மாற்றமாட்டார்கள், இந்தத் தாளை அதோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று தெரியாமல் முதலில் குழம்பினோம். மகன் இரண்டையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறான்.

மணற்புயல்:

எனக்கும் முதல் பகுதி வந்துவிட்டது, நேற்று. எக்ஸ்பெடிஷனரி மெடல் நீக்கம், ஈராக் பதக்கம் சேர்ப்பு, இரண்டு வெண்கல நட்சத்திரங்களோடு. ஒன்று 2003 மே 1 வரையிலான முதல் கட்டத்துக்கு, இன்னொன்று அதற்குப் பிறகு வந்த கட்டத்துக்கு. "நீக்கம்" என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு நொடி திக்கென்றது. நீங்கள் முன்பே சொல்லியிருந்ததால் சமாளித்தேன்.

பேட்ஜ் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. குட் காண்டக்டுக்கு டிடி 149 நிரப்பிக்கொண்டிருக்கிறேன். "தாமதத்துக்குக் காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இன்று மாலை முழுவதும் யோசித்தேன். கடைசியில் நண்பனின் இறுதிச் சடங்கு நடந்த தேதியை எழுதினேன்.